டபுள் பேசுக்கு ஒரு பெட்டி

சவுண்ட் செக் என்றால் வாத்தியக்காரன் மேடையில் நிற்க வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான். இவர் மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்து மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், வயலினுக்குத் தாத்தா மாதிரியான தன் டபுள் பேசை என் தோளில் சாய்த்து, "அடிக்கம்பியைத் தட்டிட்டே நில்லு மக்கா, நிறுத்தாத. இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டு நடப்பார். ஹாலைத் தாண்டுவார். கேட்டைத் தாண்டுவார். ரோட்டைக் கடந்து எதிரே இருக்கிற டீக்கடைக்குப் பின்னால் போய் மறைவார். நான் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துத் தட்டிக்கொண்டே நிற்பேன். அப்புறம் போன் வரும்.

"சத்தம் வருது மக்கா. சுரம் வரல்ல."

இந்த ஒரே வாக்கியத்தை எட்டு வருஷம் கேட்டேன். கல்யாண ஹாலில் கேட்டேன், சர்ச் மைதானத்தில் கேட்டேன், ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு கேட்டேன். மனுஷனுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் நான் வளைகுடாவுக்குப் போய் ஒரு வீடே கட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

நாங்கள் மூன்று பேர். நான் கீபோர்டு. பதினோரு வருஷம் வெளிநாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, வேறு எதுவும் அமையாமல், சிறுவயதில் சர்ச்சில் கற்றதைப் பிழைப்பாக்கிக்கொண்டவன். வீடு கேரள எல்லையில், பாறசாலையில். ஷைனி பாடுவாள், திருப்புறத்தில் அங்கன்வாடி டீச்சர். மூன்றாவது ஆள் இவர். பொழியூரில் வீடு, பூவாரில் படகு ரிப்பேர். எஞ்சின் பார்ப்பார், ஃபைபர் உடைந்தால் ஒட்டுவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "எவ்வளவு தூரத்துல நின்னு எழுதினே?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

இந்தத் தூரப் பைத்தியம் அவருக்குத் தொழிலில் வந்தது. ரிப்பேர் பார்த்த எஞ்சினைப் படகில் மாட்டி, படகுக்காரரை ஆற்றில் அனுப்பிவிட்டு, இவர் கரையில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். படகு ஆற்றின் வளைவு வரைக்கும் போய்த் திரும்பும். "ரெண்டாவது பிளக்கு சரியில்ல, கொண்டு வா" என்பார். பிரித்துப் பார்த்தால் ரெண்டாவது பிளக்குதான். நான் ஒருமுறை, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டால் என்ன என்று வாயை விட்டேன்.

"எஞ்சினுக்கப் பக்கத்துல இருக்கவனுக்கு சத்தம் மட்டுமாக்கும் கேக்கும். குறை கேக்கணும்னா கரைக்கு வரணும்."

தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வழக்கத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் புகுத்தினால் கூட இருப்பவன் என்ன செய்வான்? அவருடைய சர்ச்சுக்கு ஒரு புதுப் போதகர் வந்தார். முதல் ஞாயிறு, முதல் பிரசங்கம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இவர் முன்வரிசையிலிருந்து எழுந்து, நடுவழியாக நடந்து, வெளியே போய்விட்டார். சபையே திரும்பிப் பார்த்தது. கல்லறைத் தோட்டத்து மதில் வரைக்கும் போய் நின்று கேட்டுவிட்டு, திரும்ப வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, போதகரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். தன் உபதேசத்தில் ஏதோ குற்றம் கண்டுவிட்டார் என்று பயந்து அந்த மனிதர் மறுநாள் பைபிளோடு வீடு தேடி வந்துவிட்டார்.

"பிரசங்கத்துல ஒரு குறையும் இல்ல பாஸ்டரே" என்றாராம் இவர். "நான் அதைக் கேக்கவே இல்ல. மைக்கைத்தான் கேட்டேன்."

அந்த டபுள் பேஸ் திருவனந்தபுரத்தில் மூடிப்போன ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் வாங்கியது. சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவில் படுக்கவைத்து, படகு மூடும் தார்ப்பாயால் போர்த்திக் கொண்டுவந்தார். அதன் முதுகில் ஒரு நீள விரிசல் இருந்தது. வேறு யாராவது என்றால் மரவேலை தெரிந்தவரைத் தேடுவார்கள். இவர் படகுக்குப் போடுவதுபோல ஃபைபர் வைத்துப் பசை ஊற்றி அடைத்துவிட்டார். பார்க்க வந்த வயலின்காரர் ஒருவர், "அய்யோ" என்றதோடு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இவ்வளவு திட்டுகிறேனே, பிறகு ஏன் அவரை வைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாட்டு சூடு பிடித்தால் என் கை முந்தும். எத்தனை முறை சொன்னாலும் முந்தும். ஷைனி மூச்சு வாங்க இடமில்லாமல் தவிப்பாள். அவர் மட்டும் என் பின்னால் நின்று, கம்பியை ஒரு இழை தாமதமாகத் தட்டுவார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. நாலு தட்டுக்குள் நான் அடங்கி வந்துவிடுவேன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்த ஒரு காரியத்துக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

பெட்டிக் கதைக்கு வருகிறேன். டபுள் பேஸ் சும்மா வாசித்தால் ஒரு வீட்டு அறைக்குப் போதும். என் கீபோர்டு பெரிய ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது அது அடியோடு காணாமல் போகும். அதனால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக்கை அதன் மேல் ஒட்டி, வயர் போட்டு, தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். எந்தப் பெட்டி? இங்கேதான் பிடித்தது சனி.

பாறசாலையில் கோவில் உற்சவத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சவுண்ட் செட் போடுகிறவர் சொன்னார், "வாத்தியம் பெருசு. அப்ப பெட்டியும் பெருசா வேணும் அண்ணாச்சி." எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு வைத்த ஒரு பெட்டி. பீரோ மாதிரி இருந்தது. நாலு பேர் தூக்கி வந்து என் வீட்டு முற்றத்தில் வைத்தார்கள். அவர் கம்பியை ஒருமுறைதான் தொட்டார். பெட்டியின் சத்தம் வாத்தியத்தின் வயிற்றுக்குள் புகுந்து, அது மைக்கில் ஏறி, திரும்பப் பெட்டிக்கே வந்து, ஊளையிட ஆரம்பித்துவிட்டது. அவர் கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. அடுத்த வீட்டு நாய் பதில் குரல் கொடுத்தது. அதற்கும் இவர் விடாமல் ரப்பர் மரங்களுக்கு நடுவே கால் மைல் நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

அப்புறம் நெய்யாற்றின்கரையில் ஒரு இளைஞர் பேண்டிடம் கெஞ்சி, பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு உள்ள பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அதில் விரல் படுகிற சத்தம் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுவது போல டக் டக்கென்று கேட்டது. அவர் ரப்பர் தோப்பிலிருந்து போன் செய்தார். "கம்பி கேக்குது. மரம் கேக்கல்ல."

சரி என்று பதினைந்து இஞ்சில் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி பார்த்தோம். மெத்தைக்கு அடியில் வைத்து வாசித்தது போல இருந்தது. மறுபடி தோப்பு, மறுபடி போன். "மரம் கேக்குது மக்கா. கம்பி கேக்கல்ல."

"அண்ணே, ரெண்டுல ஏதாவது ஒண்ணை வச்சு ஒப்பேத்துவோம்."

"அது எப்படி மக்கா? ரெண்டும் சேந்ததாக்கும் வாத்தியம்."

திருவனந்தபுரத்தில் கடை கடையாக ஏறினோம். ஒவ்வொரு பெட்டியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பிறகு கடைக்காரப் பையனிடம், இதைக் கொஞ்சம் வாசலில் எடுத்து வைக்க முடியுமா என்பார். கேட்டுவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போவார். நான் கடைக்குள் அந்தப் பெரிய வாத்தியத்தோடு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு தட்டுவேன். நடுவில் பஸ் போகும். "பஸ் போச்சு, ஒண்ணும் கேக்கல்ல, ஒருதரம் கூடி" என்று போன் வரும். அடுத்த பஸ் வரும். மூன்றாவது கடையில் முதலாளியே எழுந்து வந்து கும்பிட்டு எங்களை அனுப்பிவைத்தார்.

திருப்புறம் கல்யாணத்தை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். சவுண்ட் செக்குக்குப் போன ஆள் திரும்பவே இல்லை. பெண்ணின் கார் வந்து நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா மேடைக்கு வந்து, "பாட்டு எங்க? பாட்டு?" என்கிறார். என் தோளில் டபுள் பேஸ். அதைக் கீழே படுக்கப்போட இடமில்லை, பூ அலங்காரம். ஷைனி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைத்தாளமும் இல்லாமல் தனியாக ஆரம்பித்தாள். நான் ஒரு கையால் வாத்தியத்தைத் தாங்கி, அவர் சொன்னபடி கம்பியையும் தட்டிக்கொண்டு, மறு கையால் கீபோர்டை வாசித்தேன். ரெண்டு பாட்டு முடிந்தபோது இவர் வேர்த்து வழிந்து, முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

"ரப்பர் தோட்டம் வரைக்கும் வருது மக்கா! இன்னைக்கு நல்லா வருது!"

"ரப்பர் மரமா அண்ணே நமக்கு சோறு போடப் போவுது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவருக்கு உறைக்கவில்லை. வாத்தியத்தை வாங்கிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கோபமாகக் கேட்டாலும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த வருஷம்தான் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் எங்களுக்கு வாய்ப்பு வந்தது. சீசன் முழுக்க, வாரத்துக்கு மூன்று மாலை. ஆற்றின் மேல் டெக் மாதிரி பலகை போட்டுக் கட்டிய சாப்பாட்டு இடம். ஒரு பக்கம் ஆறு, எதிரே மணல் திட்டு, அதற்கு அப்பால் கடல். எனக்கு அது வெறும் வாய்ப்பு இல்லை. அது கிடைக்காவிட்டால் மறுபடி விசாவுக்கு அலைய வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். மனைவி பயணப் பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தாள்.

முதல் ஒத்திகையிலேயே சிக்கல். இரவல் வாங்கிய பதினைந்து இஞ்ச் பெட்டியைப் பலகைத் தரையில் வைத்து அவர் ஒரு கம்பியைத் தட்டினார். தரை மொத்தமும் சேர்ந்து உறுமியது. மேஜைகளில் ஸ்பூனெல்லாம் கலகலவென்று ஆடின. மேனேஜர் மலையாளி, திருச்சூர்ப் பக்கம், மரியாதையான மனிதர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேட்டனுக்கு இடத்தே கை உண்டல்லோ. கீபோர்டில் தன்னெ பேஸ் கிட்டும். பின்னெ எந்தினா மூணாமதொராள்?"

இடது கைதான் இருக்கிறதே, கீபோர்டிலேயே பேஸ் வாசித்துவிடலாமே, மூன்றாவதாக ஒரு ஆள் எதற்கு என்கிறார். அதில் தவறும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். வெள்ளிக்கிழமை வரை தந்தார். அன்றைக்கும் சரியாகாவிட்டால் ரெண்டு பேராக வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

அண்ணனிடம் பாதியைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி சரியாக வேண்டும், இல்லாவிட்டால் சீசன் போய்விடும் என்றேன். இடது கை விஷயத்தை வாய் வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டேன்.

"அப்ப நானே செய்யலாம்" என்றார்.

செய்தார். நல்ல அயினிப் பலகை, படகு கட்டும் மரம். பத்து இஞ்சில் ஒற்றை ஸ்பீக்கர். பலகை வெட்டித் தர நான் கூட்டிவந்த ஆசாரி விவரம் தெரிந்தவர்; அந்த ஸ்பீக்கருக்கு முன்பக்கம் காற்றுப் போக இன்ன அளவில் ஒரு துளை வேண்டும் என்று கணக்குப் பார்த்து அழகாக வெட்டி வைத்திருந்தார். புதன்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தால் துளையைக் காணோம். ஃபைபர் போட்டு, பசை ஊற்றி, தேய்த்து, வழுவழுவென்று அடைத்திருக்கிறார்.

"என்ன அண்ணே செய்து வச்சிருக்கே? அந்தத் துளை வேணுமே!"

"பெட்டியில ஓட்டையை இட்டு வச்சா வெள்ளம் கேறாதா?"

"ஸ்பீக்கருக்குள்ள வெள்ளம் எப்படிக் கேறும்?"

"அந்த டெக்கு வெள்ளத்துக்க மேலதான மக்கா நிக்குது?"

ஸ்பீக்கருக்குள் தண்ணீர் ஏறிவிடுமாம்; நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? முப்பது வருஷம் ஓட்டை அடைத்த கை. கண் எதிரே ஒரு ஓட்டை திறந்து கிடப்பதை அந்தக் கையால் தாங்க முடியவில்லை. ஆசாரி அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அண்ணன் ரெண்டு ஆட்டோ டயரைக் கொண்டுவந்து ரிசார்ட்டில் பெட்டிக்கு அடியில் வைத்தார். தரை உறுமுவது அத்தோடு நின்றது. அந்த யோசனை வேறு எவனுக்கும் வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை நாலு மணி. மேனேஜர் வந்து உட்கார்ந்துவிட்டார். அப்போது இவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். டபுள் பேசை ஷைனியிடம் கொடுத்தார்.

"மோளே, நாலு கம்பியையும் வரிசையாத் தட்டு. நான் மணல்ல போய் நின்னு கேட்டுட்டு வாறேன்."

"அண்ணே, இன்னைக்கு வேண்டாம்" என்றேன். "இன்னைக்கு ஒரு நாள் இங்கயே நில்லு. உன் காலைப் பிடிக்கேன்."

"அஞ்சு நிமிசம்" என்றார். தான் ரிப்பேர் பார்த்த ரிசார்ட் படகில் ஏறி எதிரே உள்ள மணல் திட்டுக்குப் போயே போய்விட்டார்.

ஷைனி தட்டினாள். முதல் கம்பி சுமார். ரெண்டாவது கம்பியில் ஊளை ஆரம்பித்தது. அவளுக்கு அதைக் கையால் அமுக்கி நிறுத்தத் தெரியவில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. மேனேஜர் எழுந்து வந்து என் தோளருகே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கரையில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இந்த உலகத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எட்டு வருஷத்து ஆத்திரம்.

குனிந்தேன். மிக்சரில் அவருடைய வயருக்கு உள்ள சத்தக் குமிழை அடிவரைக்கும் இறக்கினேன். என் கீபோர்டின் இடப்பக்கத்துச் சத்தத்தை மட்டும் பிரித்து அந்தப் பெட்டிக்குக் கொடுத்தேன். இடது கையால் நாலு சுரம் வாசித்தேன்.

அயினிப் பெட்டி வாயைத் திறந்து பேசியது. ஊளை இல்லை, உறுமல் இல்லை. மேனேஜர் முகம் மலர்ந்தது. இது போதும் என்று தலையாட்டி, "இது மதி சேட்டா, இது மதி" என்றார். ஷைனி கம்பியில் விரலை வைத்தபடி என்னையே பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

போன் வந்தது. எடுத்தேன். மணல் திட்டுக் காற்று இரைந்தது.

"அண்ணே? கேக்குதா?"

"கேக்குது மக்கா" என்றார். "கம்பியும் கேக்குது, மரமும் கேக்குது. ஒண்ணையும் அனக்காத. அப்படியே இருக்கட்டு."

திரும்பி வந்து பெட்டியை ரெண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். "பெட்டி கிட்டிச்சு" என்றார்.

சீசன் முழுக்க அப்படியே ஓடியது. அவர் என் பின்னால் நின்று வாசிப்பார். பெட்டியில் என் இடது கை ஒலிக்கும். அவருடைய குமிழ் அடியிலேயே கிடக்கும். ஷைனி முதல் வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "இது பாவமாக்கும் அண்ணா" என்றாள் ஒருநாள். "அவருக்குத் தெரியாத வரைக்கும் பாவம் இல்ல" என்றேன். "நான் இடத்தைக் காப்பாத்தினேன், உனக்கும் சேத்து, அவருக்கும் சேத்து." அப்படிச் சொல்லிக்கொண்டேதான் தினமும் பஸ் ஏறினேன். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் ஒருநாள் எழுந்து வந்து, பேஸ் பிரமாதம் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் தேங்க்யூ என்று சொல்லிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சவுண்ட் செக்குக்கு எங்கேயும் போவதில்லை. கேட்டுக்கு வெளியே இல்லை, மணலுக்கு இல்லை, பத்தடி தூரம்கூட இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். அப்பாடா, ஒருவழியாக மனுஷன் திருந்தினார் என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். எட்டு வருஷம் கூட இருந்தவன், அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சீசனின் கடைசி நாள். வாசிப்பதற்கு முன்பே வாத்தியத்தை ஏற்ற பெட்டி ஆட்டோவை வரச்சொல்லியிருந்தார். முடித்ததும் ரெண்டு பேரும் டபுள் பேசைத் தார்ப்பாயில் சுற்றி ஏற்றினோம். அயினிப் பெட்டியைத் தூக்க நான் குனிந்தேன்.

"அது இஞ்சயே நிக்கட்டு" என்றார்.

"ஏன் அண்ணே? வீட்டுல வாசிக்க வேண்டாமா?"

"அது உனக்க கைக்குப் பாத்து எடுத்த பெட்டியாக்கும் மக்கா. எனக்கதுக்குச் சேராது."

பெட்டியை விட்டு நிமிர்ந்தேன். "எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"மணல்ல நிக்கும்பளே தெரியும். எனக்க கம்பி எனக்குத் தெரியாதா எலே?" கோபமே இல்லாமல்தான் சொன்னார். "பாதியில கண்ணைத் தொறந்தேன், நீ குனிஞ்சதும் கண்டேன்."

"பின்ன ஏன் பறயல்ல?"

"பறஞ்சா நீ திரும்ப எனக்க வயரைத்தான ஏத்துவே? அது ஊளையிடும். அந்த ஆளு உனக்கப் பக்கத்துல நிக்கான். நீ பிளைட்டு ஏறிப் போயிருப்பே. ஷைனி வீட்டுல இருப்பா. பின்ன நான் எங்கன போய் நின்னு வாசிக்க?"

ஒரு சீசன் முழுக்க, ஒருவருக்கும் கேட்காத கம்பியை, ஒரு நாள் விடாமல், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து வாசித்திருக்கிறார். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. அந்த வெள்ளிக்கிழமையே படகிலிருந்து இறங்கி என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாமே. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எலே, ஒரு காரியம். நாம தெனமும் வாசிக்குத அந்த மூணு தட்டுத் தாளப் பாட்டுல ரெண்டாவது சரணம் வரும்ப உனக்க இடது கை ஓடுது. நான் பின்னால நின்னு பிடிச்சுத்தான் பாத்தேன். நீ கேக்கல்ல. எனக்க கம்பி உனக்கு எப்படிக் கேக்கும்? அதை மட்டும் நோக்கிக்க."

ஆட்டோ போய்விட்டது.

அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டேன். எஞ்சின் வேலை கூடுதல் மக்கா என்றார். ரெண்டு பேர் மதி என்று மேனேஜரிடம் அவரே சொல்லிவிட்டாராம். வீட்டுக்குப் போனால் டீ தருகிறார், தன் மகளைப் பற்றிச் சேதி சொல்கிறார், வீட்டுப் பக்கம் கடல் எவ்வளவு ஏறிவிட்டது என்று காட்டுகிறார். பாட்டைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றுகிறார். சர்ச்சில் மட்டும் பெட்டி இல்லாமல் வாசிக்கிறார் என்று கேள்வி.

இந்த சீசனும் நானும் ஷைனியும்தான். அந்த மூன்று தட்டுப் பாட்டு உண்டு. ரெண்டாவது சரணத்தில் என் இடது கை முந்துகிறது. இப்போது எனக்கே கேட்கிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அயினிப் பெட்டி அதை ஒரு சுரம் பிசகாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பூவாரில் அவர் பட்டறை அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. மாலையில் கடையைப் பூட்டிவிட்டு எங்காவது நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், அந்த ஆளை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டு முடிந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறேன். அவர் போன்தான் வருவதில்லை.